ஜீன் தரவு எடுக்கும் டூல் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துச் சரிசெய்யும் வழி

என்சிபிஐ, என்செம்பிள் (ஜீன் தரவுக் களஞ்சியங்கள்), நோமாட் (ஒரு ஜீன் மாற்றம் மக்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற தரவு), கிளின்வார் (மாற்றங்களின் மருத்துவ வகைப்பாடு) போன்ற தளங்களிலிருந்து தரவு எடுத்து ஏஐ ஏஜென்டுக்கு (டூல்களைத் தானே கூப்பிட்டு வேலை செய்யும் ஏஐ மாடல்) கொடுக்கும் சின்ன டூல் ஒன்றைப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இது. பெங்களூரில் ஆய்வகம், ஸ்டார்ட்அப் என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் தலையில் இந்த வேலை விழுந்திருக்கிறது, பல இடங்களில் அது ஓசூர், சேலம் பக்கத்திலிருந்து வந்த நம் ஆள்தான். இந்தக் கோளாறுகளையே திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது: கோடில் இருக்கும் பிழையைவிட டூலின் விளக்கத்தில் இருக்கும் ஓட்டைகள்தான் அதிகம். ஏஜென்ட் உங்கள் கோடைப் படிப்பதில்லை. டூலின் பெயர், நீங்கள் எழுதிய நாலு வரி விளக்கம், உள்ளீடுகளின் ஸ்கீமா (எந்த உள்ளீடு, என்ன வகை என்ற பட்டியல்), திரும்பி வரும் பதில், அதன் கண்ணில் படுவது இவ்வளவுதான். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் விளக்கத்தைத் திறந்து பாருங்கள், காசு செலவில்லாத வேலை அது.

## எதையும் தொடும் முன்

விடை தெரிந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது ஆர்எஸ்334, அது ஒரு ஜீன் மாற்றத்தின் பதிவு எண். எச்பிபி ஜீனில் அரிவாள் செல் ரத்தசோகைக்குக் காரணமான மாற்றம், இந்தியாவில் 1952இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் முதலில் பதிவானதே இந்த நோய், அதனால் நம் ஊர்க்காரர்களுக்குப் பெயர் மறக்காது. ஜிஆர்சிஎச்38 என்ற மனித ஜீனோம் வரைபடப் பதிப்பில் குரோமோசோம் 11, இடம் 5227002, டி என்ற டிஎன்ஏ எழுத்து இருந்த இடத்தில் ஏ.

இதை மூன்று இடத்தில் கேளுங்கள்: பிரவுசரில் மூலத் தளத்தில் நேரடியாக, டெர்மினலில் டூலின் ஃபங்ஷனை மட்டும் ஓட்டி, கடைசியில் ஏஜென்ட் வழியாக. பிரவுசரிலேயே வரவில்லை என்றால் தளம் படுத்திருக்கிறது, டீ குடிக்கப் போகலாம். டெர்மினலில் தப்பு என்றால் கோடு. முதல் இரண்டிலும் சரியாக வந்து ஏஜென்டில் மட்டும் சொதப்பினால் விளக்கம்.

## அறிகுறி: டூல் பட்டியலிலேயே தெரியவில்லை, அல்லது இணைந்தவுடன் அறுந்துவிடுகிறது

எம்சிபி (ஏஜென்டையும் டூலையும் இணைக்கும் நெறிமுறை) சர்வராக உள்ளூர் கணினியில் ஓட்டுபவர்களுக்குத்தான் இது அதிகம் வரும். ஸ்டாண்டர்ட் அவுட்புட் வழியாகத்தான் செய்திகள் போகின்றன, அதில் யாராவது சோதனைக்கு ஒரு பிரிண்ட் வரியைப் போட்டு எடுக்க மறந்திருந்தால் செய்தியின் ஜேசன் வடிவம் உடைந்து இணைப்பு போய்விடும். பிரிண்ட்களைத் தேடி ஸ்டாண்டர்ட் எரருக்கு மாற்றுங்கள். நீங்கள் எதுவும் போடவில்லை என்றால், நீங்கள் இழுத்திருக்கும் ஏதோ ஒரு லைப்ரரி தொடங்கும்போது வரவேற்புச் செய்தி அச்சடிக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லை என்றால் பைத்தான் எந்தச் சூழலிலிருந்து எடுக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். டெர்மினலில் ஓடுவது ஒன்று, ஏஜென்ட் செயலி கிளப்புவது வேறொன்று என்பது அன்றாடக் கதை. முழுப் பாதையைக் கொடுத்துவிட்டால் முடிந்தது.

## அறிகுறி: டூலைத் தொடாமலே பதில் சொல்கிறது

பதில் பார்க்க அழகாக இருக்கும், ஆர்எஸ் எண்ணும் பப்மெட் எண்ணும் கூட இருக்கும். லாக்கை (அழைப்புகளின் பதிவேடு) திறந்தால் ஒரு அழைப்பும் போயிருக்காது. மாடல் தன் நினைவிலிருந்து எடுத்து விட்டிருக்கிறது. மனித ஜீன்களில் பிரபலமானவற்றுக்கு அது பல நேரம் சரியாகவும் இருந்துவிடும், அதுதான் ஆபத்து, ஆர்எஸ்334 மாதிரி ஊரறிந்த கேள்வியில் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. இந்த ஒரு அறிகுறிக்கு மட்டும், பெயர் தெரியாத ஏதாவது ஒரு மாற்றத்தை வைத்துச் சோதியுங்கள்.

பெயர் பொதுவாக இருக்கிறது. "தேடு", "தரவு எடு" என்று பெயர் வைத்திருந்தால் எப்போது கூப்பிடுவது என்று ஏஜென்டுக்குத் தெரியாது. "நோமாட்டில் மாற்றத்தின் அலைவெண் எடு" என்ற அளவுக்குக் குறுக்குங்கள் (அலைவெண் என்றால் அந்த மாற்றம் மக்களிடம் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்ற அளவு).

விளக்கம் என்ன செய்யும் என்று சொல்கிறது, எப்போது செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. "அலைவெண், இடம், மருத்துவ வகைப்பாடு பற்றி எந்த எண்ணைச் சொல்வதற்கு முன்பும் இதைக் கூப்பிடவும், நினைவிலிருந்து சொல்ல வேண்டாம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். கூடவே எப்போது கூப்பிடக் கூடாது என்றும் எழுதுங்கள், இல்லாவிட்டால் புரதம் பற்றிக் கேட்டாலும் இதையே தட்டும்.

டூல்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன. என்செம்பிளின் ஒவ்வொரு எண்ட்பாயிண்டுக்கும் (கேள்வி அனுப்பும் முகவரி) ஒரு டூல் என்று வரிசையாக அடுக்கியிருந்தால் எதை எடுப்பது என்று அது திணறும். ஆய்வாளர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள் என்று லாக்கில் பார்த்து, அதற்கு மட்டும் டூல் வையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தொடவில்லை. மாடலை மாற்றிப் பார்க்க வேண்டிய இடம் இது, செலவு ஏறும். அதற்கு முன்னால் ஒரு கடைசி வழி உண்டு: ஒவ்வொரு பதிலிலும் மூலம், பதிப்பு, எடுத்த தேதி மூன்றையும் டூல் திருப்பித் தரட்டும், இறுதி விடையில் அந்த மூன்றும் இல்லாத எண்ணை ஏற்காத ஒரு சரிபார்ப்பைப் பின்னால் போடுங்கள்.

## அறிகுறி: தரவு இருக்கிறது, ஆனால் "எதுவும் கிடைக்கவில்லை" என்கிறது

அதிகமாக வருவதும், கவனிக்காமல் விட்டால் அதிகமாகக் கெடுப்பதும் இதுதான்.

### பெயரில் சிக்கல்

ஆய்வாளர் ஹெர்2 என்று கேட்பார், அதிகாரப்பூர்வப் பெயர் ஈஆர்பிபி2. பி53 என்று கேட்பார், பதிவில் இருப்பது டிபி53. எலி என்றால் அதே ஜீன் டிஆர்பி53. மனித ஜீன்கள் என்றால், அவற்றுக்குப் பெயர் வைக்கும் எச்ஜிஎன்சி குழுவின் தளத்தில் பழைய பெயர், மாற்றுப் பெயர் இரண்டுக்கும் தனித்தனித் தேடல் இருக்கிறது, டூல் முதலில் அங்கே போய் வரட்டும். ஆனால் ஒன்று, எம்எல்எல்2 என்ற பழைய பெயர் கேஎம்டி2டி, கேஎம்டி2பி இரண்டையுமே குறிக்கப் பயன்பட்டிருக்கிறது. இந்த மாதிரி இடத்தில் டூல் தன்னிச்சையாக ஒன்றை எடுத்துக்கொள்ளக் கூடாது, இரண்டையும் கொடுத்து "பயனரிடம் கேள்" என்று சொல்ல வேண்டும். அதையும் விளக்கத்தில் எழுத வேண்டும்.

### பட்டியல் எக்ஸெல் வழியாக வந்தது

மார்ச்1, செப்ட்2 போன்ற ஜீன் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிவிடும் தொல்லை ஊரறிந்தது. இதற்காகவே 2020இல் எச்ஜிஎன்சி அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியது. பழைய பட்டியல்கள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. உள்ளீட்டில் தேதி மாதிரி ஏதாவது வந்தால் டூல் அங்கேயே நிறுத்திச் சொல்லட்டும். திரும்ப மாற்றிப் பார்க்கலாம் என்று இறங்காதீர்கள்: மார்ச்1, மார்க்1 என்று இரண்டு வெவ்வேறு ஜீன்கள், இரண்டுமே எக்ஸெலில் மார்ச் முதல் தேதியாகிவிடும். மூலக் கோப்பைக் கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி.

### தேடலை என்சிபிஐ வேறு மாதிரிப் புரிந்துகொண்டது

என்சிபிஐயின் தேடல் சேவையான ஈசெர்ச்சின் பதிலிலேயே உங்கள் கேள்வி எப்படி மாற்றி வாசிக்கப்பட்டது என்று ஒரு புலம் வரும். பெரும்பாலான டூல்கள் அதைத் தூக்கி எறிந்துவிடுகின்றன. ஏஜென்டுக்கு அதையும் கொடுங்கள், அது தன் தப்பைத் தானே திருத்திக்கொள்ளும். உயிரினம் குறிப்பிடாமல் ஜீன் பெயரை மட்டும் அனுப்பினால் மீன் முதல் குரங்கு வரை எல்லாம் வந்து, மனிதனுடையது பட்டியலின் கீழே போய்விடலாம். ரெட்மேக்ஸ் (எத்தனை முடிவு வேண்டும் என்ற எண்) கொடுக்காவிட்டால் முதல் 20 மட்டும்தான் வரும். ஆக, கீழே போனது "இல்லாதது" ஆகிவிடுகிறது.

### இல்லை என்பது வேறு, தேட முடியவில்லை என்பது வேறு

நோமாட்டின் ஏபிஐ (டூல்கள் கேள்வி அனுப்பும் வாசல்) கிராஃப்க்யூஎல் வகை. அந்த வகை ஏபிஐகளில் நிலைக்குறி 200, அதாவது வெற்றி, என்று வந்தாலும் உள்ளே பிழைப் பட்டியல் உட்கார்ந்திருக்கலாம். நிலைக்குறியை மட்டும் பார்க்கும் டூல், தரவு காலி என்று ஏஜென்டிடம் சொல்லிவிடும். ஏஜென்ட் அதை "இந்த மாற்றம் மக்கள்தொகையில் காணப்படவில்லை" என்று எழுதிவிடும். இது சாதாரண வாக்கியம் இல்லை. அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பின் 2015 வழிகாட்டுதலில், பொது மக்கள் தரவில் ஒரு மாற்றம் இல்லாமல் இருப்பதே அது நோய் உண்டாக்கும் என்பதற்கான சான்றுகளில் ஒன்று, பிஎம்2 என்று பெயர். அதாவது, நேரத்துக்குள் பதில் வராத உங்கள் டைம்அவுட் ஒன்று சத்தமில்லாமல் சான்றாக மாறி ஒருவருடைய அறிக்கையில் போய் உட்காரும்.

அதனால் பதிலில் நிலை என்று ஒரு புலத்தைக் கட்டாயம் வையுங்கள். "கிடைத்தது", "தேடினேன், இல்லை", "தேட முடியவில்லை", இந்த மூன்றில் ஒன்றுதான் வர வேண்டும். மூன்றாவது வந்தால் அலைவெண் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்று விளக்கத்தில் எழுதுங்கள். "இல்லை" என்று வந்தாலும் அந்த இடம் போதுமான அளவு வாசிக்கப்பட்டிருக்கிறதா என்று கவரேஜையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது, வாசிக்கவே படாத இடத்தில் இல்லை என்பதற்கு அர்த்தமில்லை.

## அறிகுறி: இடம் தள்ளி வருகிறது

எவ்வளவு தள்ளி என்று பாருங்கள். அதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம்.

ஒன்றே ஒன்று தள்ளி. எண்ணிக்கை 0இல் தொடங்குகிறதா 1இல் தொடங்குகிறதா என்ற பழைய சண்டை. ஜீனோம் பகுதிகளை எழுதும் பெட் கோப்பு 0இலிருந்து, மாற்றங்களை எழுதும் விசிஎஃப் கோப்பு 1இலிருந்து. ஸ்கீமாவில் "தொடக்க இடம், எண்" என்று மட்டும் இருந்தால் ஏஜென்ட் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்ளும். "1இல் தொடங்கும் எண்ணிக்கை, இரு முனைகளும் சேர்த்தி" என்று புலத்தின் விளக்கத்திலேயே எழுதுங்கள், தனிப் பக்கத்தில் எழுதினால் அதை யாரும் படிக்கப் போவதில்லை.

ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் தள்ளி. வரைபடப் பதிப்பு மாறிவிட்டது. ஆர்எஸ்334 ஜிஆர்சிஎச்37இல் 5248232, 38இல் 5227002, வித்தியாசம் 21,230. பிஆர்சிஏ1 ஜீனில் அதே வித்தியாசம் 18 லட்சத்தைத் தாண்டும். ஆகவே ஒரே எண்ணைக் கூட்டிக் கழித்துச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். நோமாட் 2ஆம் பதிப்பு 37இல் இருக்கிறது, 3உம் 4உம் 38இல். என்செம்பிளின் வழக்கமான ரெஸ்ட் முகவரி 38, 37க்குத் தனி முகவரி. வரைபடப் பதிப்பைக் கட்டாய உள்ளீடாக ஆக்குங்கள், இயல்பு மதிப்பு எதுவும் வைக்காதீர்கள். கேட்காமல் கொடுக்கும் இயல்பு மதிப்புதான் இங்கே பாதி வினைக்குக் காரணம். பழைய தரவு ஆயிரக்கணக்கில் இருந்து எல்லாவற்றையும் 38க்கு மாற்ற வேண்டும் என்றால் லிஃப்ட்ஓவர் (ஒரு பதிப்பின் இடத்தை இன்னொரு பதிப்புக்கு மாற்றுவது) தெரிந்த பயோஇன்ஃபர்மேடிக்ஸ் ஆளைக் கூப்பிடுங்கள், மாறாமல் கீழே விழும் இடங்களை என்ன செய்வது என்பதை ஏஜென்டிடம் விடக் கூடாது.

இடம் சரி, எழுத்து மாறி இருக்கிறது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எச்பிபி ஜீன் எதிர் இழையில் இருக்கிறது. ஜீனோம் கணக்கில் டி போய் ஏ, ஜீனின் கணக்கில் 20ஆம் இடத்தில் ஏ போய் டி. இரண்டும் ஒரே மாற்றம்தான். ஏஜென்ட் இதை முரண்பாடு என்று அறிவித்து ஒரு பத்தி எழுதும். எந்த இழை என்று பதிலில் ஒரு புலம் சேர்த்தால் அடங்கிவிடும்.

புரதத்தில் ஒரு எண் தள்ளி. புத்தகங்களில் குளூட்டமிக் அமிலம் 6 வேலின் என்று படித்திருப்போம், இப்போதைய முறையில் அது 7. முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுவதால் வரும் வித்தியாசம். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஏஜென்ட் 6 என்று தேடினால் கிடைக்காது, இதுவும் விளக்கத்தில் ஒரு வரி. டிரான்ஸ்கிரிப்ட் (ஜீனின் ஆர்என்ஏ நகல்) எண்ணை அதன் புள்ளிக்குப் பின்னால் வரும் பதிப்போடு சேர்த்தே கேளுங்கள், பதிப்பில்லாமல் வந்தால் எதை எடுத்துக்கொண்டீர்கள் என்று பதிலில் சொல்லுங்கள்.

குரோமோசோம் பெயரில் முன்னொட்டு உண்டா இல்லையா என்பதும் இதே குடும்பம்தான். யூசிஎஸ்சி தளம் சிஎச்ஆர்11 என்கும், என்செம்பிள் வெறும் 11. டூலே இரண்டையும் வாங்கிக்கொள்ளட்டும், இதை ஏஜென்டுக்குச் சொல்லிப் புரியவைக்க நேரம் செலவழிக்க வேண்டாம். மைட்டோகாண்ட்ரியாவில் மட்டும் ஜாக்கிரதை, யூசிஎஸ்சியின் எச்ஜி19இல் (37க்கு அவர்கள் வைத்த பெயர்) முதலில் வைத்திருந்தது வேறு வரிசை, நீளமே 16571, இப்போது எல்லோரும் பயன்படுத்துவது 16569.

## அறிகுறி: கொஞ்ச நேரம் ஓடுகிறது, பிறகு 429 (கேள்விகள் அளவு மீறிவிட்டன என்ற பிழை), அல்லது அப்படியே தொங்குகிறது

ஏபிஐ கீ (யார் கேட்கிறார்கள் என்று தளத்துக்குக் காட்டும் குறியீடு) இல்லை. என்சிபிஐயில் கீ இல்லாமல் நொடிக்கு 3 கேள்வி, கீ இருந்தால் 10. கீ இல்லாதபோது ஐபி முகவரியை வைத்துத்தான் கணக்கு. நம் அலுவலகங்களில் ஒரு மாடியே ஒரே ஐபி வழியாக வெளியே போகும், பக்கத்து மேசைக்காரர் ஏதோ ஸ்கிரிப்டை ஓட்டினால் உங்களுக்கு 429. கீ இலவசம், கணக்கு தொடங்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் ஒரே நேரத்தில் கூட்டமாகக் கேட்கிறது. மெதுவாகக் கேள் என்று விளக்கத்தில் எழுதிப் பயனில்லை, விளக்கத்தால் சரியாகாத கோளாறு இது. வரிசையில் நிறுத்தும் வேலை டூலுக்குள் இருக்க வேண்டும். என்செம்பிள் மணிக்கு 55,000 வரை விடுகிறது, மீறினால் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று பதிலின் தலைப்பில் (ஹெடர்) அதுவே சொல்கிறது, அதைப் படித்துக் காத்திருக்கும்படி எழுதுங்கள். 429ஐ அப்படியே ஏஜென்டிடம் தள்ளினால் அது உடனே மறுபடி தட்டும். மாற்றங்களை ஒவ்வொன்றாக அனுப்புவதற்குப் பதில் என்செம்பிளின் விஇபிக்கு (மாற்றத்தின் விளைவைக் கணிக்கும் டூல்) ஒரே போஸ்ட் கோரிக்கையில் 200 வரை அனுப்பலாம், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும்.

நேரம் தப்பு. பெரிய வேலைகளை வார இறுதியிலோ, வார நாளில் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி இரவு 9 முதல் காலை 5 வரையோ ஓட்டச் சொல்கிறது என்சிபிஐ. பெங்களூர்க் கணக்கில் அது கோடையில் காலை 6.30 முதல் மதியம் 2.30, குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. நமக்கு லாபம்தான், ஆனால் எல்லோரும் மதியச் சாப்பாடு முடித்து நாலு மணிக்குத்தான் பெரிய வேலையைத் தட்டுகிறார்கள்.

சான்றிதழ்ப் பிழை, அல்லது பதிலே இல்லாமல் தொங்கல். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் அலுவலக ப்ராக்சி நடுவில் நின்று பிரித்துப் பார்க்கிறது. ஐடி பிரிவிடம் சொல்லி அவர்களுடைய மூலச் சான்றிதழை வாங்குங்கள். சான்றிதழ் சோதனையையே அணைத்துவிடும் குறுக்கு வழி இணையம் முழுக்கக் கிடைக்கும், வேண்டாம்.

இதற்கு மேலும் போதவில்லை என்றால் தரவை உள்ளூரில் இறக்கி வைக்க வேண்டும். கிளின்வாரின் விசிஎஃப் சின்னது, இன்றே செய்யலாம். நோமாட் முழுவதும் என்றால் லேப்டாப்பில் அடங்கும் சமாச்சாரமே இல்லை, சர்வர், சேமிப்பு, அதைப் புதுப்பிக்க ஒரு ஆள் என்று பட்ஜெட் போட்டுப் பேச வேண்டும்.

## அறிகுறி: நேற்று வரை வந்த புலம் இன்று காலி

மூலத் தளம் வடிவத்தை மாற்றியிருக்கும். கிளின்வார் 2024 ஜனவரியில் அப்படித்தான் செய்தது. மருத்துவ முக்கியத்துவம் என்று ஒரே புலமாக இருந்தது ஜெர்ம்லைன் (பிறவியிலேயே வந்தது), சொமாட்டிக் (பின்னால் செல்லில் ஏற்பட்டது), ஆன்கோஜெனிசிட்டி (புற்றுநோய் உண்டாக்கும் தன்மை) என்று மூன்றாகப் பிரிந்தது. முரண்பட்ட விளக்கங்கள் என்ற நிலையின் பெயரில்கூட இன்டர்ப்ரிடேஷன்ஸ் போய் கிளாசிஃபிகேஷன்ஸ் வந்தது. பழைய சொல்லைத் தேடும் கோடு பிழை எதுவும் காட்டாமல் காலியைத் திருப்பித் தரும். மூலப் பதிலை ஒரு முறை அப்படியே அச்சிட்டுப் பாருங்கள், புலம் இல்லாவிட்டால் டூல் சத்தம் போட்டு விழும்படி மாற்றுங்கள். கேஷ் (சேமித்து வைத்த பழைய பதில்கள்) வைத்திருந்தால் அதையும் பாருங்கள், கிளின்வார் தளம் வாரந்தோறும் புதுப்பிக்கப்படுகிறது, மூன்று மாதக் கேஷை வைத்துக்கொண்டு "தற்போதைய வகைப்பாடு" என்று ஏஜென்ட் சொல்லும்.

## அறிகுறி: பதில் பாதியில் வெட்டுப்படுகிறது

முழுப் பதிவையும் கொட்டுகிறீர்கள். ஏஜென்டுக்குத் தேவையான புலங்களை மட்டும் கொடுங்கள், மொத்தம் எத்தனை, இதில் எத்தனை, அடுத்த பக்கம் எப்படி என்று மூன்று விவரமும் இருக்கட்டும். நீளமான வரிசையைக் கோப்பில் எழுதிப் பாதையை மட்டும் கொடுத்தால் போதும்.

## அறிகுறி: இந்திய அலைவெண் கேட்டால் தெற்காசியா என்று ஒரே எண் வருகிறது

இது கோளாறு இல்லை, நோமாட்டில் இருப்பது அவ்வளவுதான். கன்னியாகுமரிக்காரருக்கும் லாகூர்க்காரருக்கும் ஒரே குழு. "தெற்காசியக் குழு என்பது எந்த ஒரு இந்தியச் சமூகத்தின் அலைவெண்ணும் அல்ல" என்று பதிலோடு சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் ஏஜென்ட் அதைத் தமிழ்நாட்டு எண் என்றே எழுதிவிடும். பெங்களூர் ஐஐஎஸ்சி வளாகத்து மூளை ஆய்வு மையம் ஒருங்கிணைத்த ஜீனோம்இந்தியாவின் 10,000க்கு மேற்பட்ட ஜீனோம்கள் ஃபரீதாபாதில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கின்றன. விண்ணப்பித்து அனுமதி வாங்கித்தான் எடுக்க முடியும், ஏஜென்டை ஏவி எடுக்கும் திறந்த கதவு அல்ல. அனுமதி கிடைத்தாலும் அதை வெளி மாடலுக்கு அனுப்பலாமா என்பதை நிபந்தனைகளைப் படித்து, உங்கள் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் கேட்பவர் ஆய்வாளர் இல்லை

லாக்கில் "என் அம்மாவின் ரிப்போர்ட்டில்" என்று தொடங்கும் கேள்வி ஒன்று வரும். அலுவலகத்தில் டூல் இருக்கிறது என்று தெரிந்தால் இது வராமல் இருக்காது, தம்பி கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்புபவர்களும் உண்டு. டூலின் விளக்கத்தில் ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதி, தனிநபர் அறிக்கை என்று தெரிந்தால் தரவைத் தந்துவிட்டு முடிவு சொல்லாமல் நிறுத்தும்படி ஏஜென்டுக்குச் சொல்லுங்கள். பெயர், மருத்துவமனை எண் உள்ளே வந்துவிட்டால் லாக்கிலிருந்து அழிக்க வேண்டும். கேட்டவரிடம், அறிக்கை கொடுத்த ஆய்வகத்தின் மரபியல் ஆலோசகர் யார் என்று கேட்டு அவரிடமே போகச் சொல்லுங்கள், அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பெரும்பாலும் தொலைபேசி எண் இருக்கும்.